கலப்பற்றும் உருக்கியொட்டலும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கப்பற்றொழிலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடல்வணிகம் பற்றி எழுதப்பட்டவை பல. அவற்றுட் பெரும்பாலானவை கப்பலை உடையோரையும் கப்பலை ஓட்டியோரையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. கப்பலைக் கட்டியவரும், கட்டிய கப்பல் கடலில் நிலைத்திருக்குமாறு அதனை ஆண்டுதோறும் செப்பனிட்டவரும் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளுக்குரியோராகவே எஞ்சியுள்ளனர். ஆயினும் ஒரு துறையின் ஆயுளை நிர்ணயிப்பது அங்கு வந்து செல்லும் கலங்களின் தொகை மாத்திரமன்று. பழுதடைந்த கலத்தை மீண்டும் கடலுக்கு அனுப்பும் ஆற்றல் அங்கு உண்டா என்பதும் ஆகும். எந்தக் கலமும் நீரில் இறங்கிய நாள் தொட்டே பழுதடையத் தொடங்குகின்றது. மரத்தைக் கடற்புழு துளைக்கின்றது. இரும்பை உப்புநீர் தின்கின்றது. மரக்கலத்தின் காலத்திலே இவ்வழிவை எதிர்த்து நின்றவர் கலப்பற்றுக்காரர். இரும்புக் கலத்தின் காலத்தில் அவ்விடத்தைப் பெற்றவர் உருக்கியொட்டுநர், அதாவது மக்கள் வழக்கில் 'வெல்டர்'. முன்னவர் குடாநாட்டுக் கரைகளிற் சிறந்து விளங்கினார். பின்னவர் ஏன் இக்கரைகளில் வேரூன்றவில்லை என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையும் கலமும்

குடாநாட்டுத் துறைகளின் பழைமைக்குச் சான்றுகள் பல உள. நயினாதீவிற் காணப்படும் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அவற்றுள் முதன்மையானது. கி.பி. 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த அம்மன்னன், பரதேசிகள் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து தங்கவேண்டுமெனவும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டுமெனவும் அதிற் கட்டளையிடுகின்றான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகப் பண்டங் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் இருவர்க்கும் செம்பாதி உரியது. கலம் உடைவது அத்துறையில் அரிதாக நிகழ்ந்ததாயின் அதற்கென ஒரு பங்கீட்டு விதி வேண்டியிருக்காது. உடைந்த கலமும் உடைந்த கலத்தைச் சார்ந்த தொழிலும் அந்நாளைத் துறைவாழ்வின் வழமையான கூறுகளாயிருந்தன என நாம் ஊகிக்கலாம். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைக் கடலில் வலிமை மிக்கவனாகக் குறிப்பிட்டு, மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையிலே அவனது சிறியவும் பெரியவுமான நூறு கலங்களைத் தான் கண்டதாகக் கூறுகின்றான். நூறு கலங்களை உடைய அரசு, நூறு கலங்களையும் செப்பனிடுவோரை உடையதாயுமிருத்தல் வேண்டும்.

பிற்காலத்தில் இத்தொழிலின் மையமாக வல்வெட்டித்துறை விளங்கிற்று. பருத்தித்துறை, ஊர்காவற்றுறை முதலிய இடங்களும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. நாகபட்டினம், கொச்சி, இரங்கூன் முதலிய துறைகளுக்கு இங்கிருந்து பாய்க்கப்பல்கள் சென்றன. நெல்லும் அரிசியும், ஓடும், மரமும் அவற்றில் வந்தன. புகையிலையும் பனம்பொருள்களும் சென்றன. இவ்வணிகத்தின் செல்வமே வல்வெட்டித்துறைச் சிவன் கோயில் போன்ற பெருங் கட்டடங்களாகவும் உருப்பெற்றது.

கலப்பற்றுக்காரரின் தொழில்

கப்பல் கட்டும் தச்சரை ஓடாவியார் என்பது ஈழத்து வழக்கு. அவர்களுக்குத் தலைமை தாங்குபவர் மேத்திரியார். முதலில் ஏரா எனப்படும் அடிமரம் இடப்படும். அதிலிருந்து வங்குகள் விலாவெலும்புகள் போல எழும். அவற்றின்மேற் பலகைகள் அறையப்படும். வேம்பு, இலுப்பை போன்ற மரங்கள் உள்ளூரிற் பெறப்பட்டன; தேக்கு பர்மாவிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தது. இத்தொழிலில் இரும்புக்கும் இடமிருந்தது. ஆணி, நங்கூரம், சுக்கானின் பிணையல் ஆகியவற்றைக் கொல்லர் உலையிற் செய்தனர். இரண்டு இரும்புத் துண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அடித்து ஒன்றாக்கும் வித்தையை அவர்கள் நன்கறிந்திருந்தனர். உருக்கியொட்டலின் மூதாதை இவ்வித்தையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பொருத்தே மரக்கலத்தின் உயிர்நிலை. அப்பொருத்தில் நாரையோ பஞ்சையோ திரித்து வைத்து, உளியாலும் கொட்டாப்புளியாலும் இறுக்கி அடித்து, மேலே எண்ணெயிற் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி நீர் புகாது அடைக்கும் தொழிலே கலப்பற்று. இச்சொல்லே ஒரு வரலாற்றுச் சான்றாகும். போர்த்துக்கேயர் இத்தொழிலுக்கு வழங்கிய சொல்லைத் தமிழ் தனதாக்கிக்கொண்டது. தொழில் பழையது, பெயர் புதியது. மிகக் குறைவாக அடித்தாற் பொருத்து ஒழுகும். மிகையாக அடித்தாற் பலகை பிளக்கும். எவ்வளவு அடிக்கவேண்டுமென்பதைக் கலப்பற்றுக்காரர் கொட்டாப்புளியின் ஓசையைக் கொண்டே அறிந்தனர். அவ்வறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குச் சென்றது.

இத்தொழிலுக்குப் பெருந்துறைமுகம் வேண்டியதில்லை. மணற்கரையும், கலத்தைக் கரையேற்றப் பலர் கூடி இழுக்கும் வடமும், கரையோரத்து மரநிழலும் போதுமானவையாயிருந்தன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகரை கொந்தளிக்கும். ஓட்டம் தடைப்பட்ட அக்காலம் செப்பனிடுதற்குரிய காலமாயிற்று. மரமும், காற்றும், கரையும், மனிதரின் கையும் ஒரே ஊரில் ஒன்றையொன்று சார்ந்து நின்றமையால், இத்தொழில் அவ்வூரை விட்டு அகல முடியாததாயிருந்தது. பின்னர் நாம் கூறவிருப்பதற்கு இக்கருத்து அடிப்படையானது.

அன்னபூரணி தரும் சான்று

நீராவிக் கப்பலும் இரும்புக் கப்பலும் வந்தமையால் வல்வெட்டித்துறைக் கப்பற்றொழில் அழிந்தது என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். இக்கூற்றை அவ்வாறே ஏற்றுக்கொள்ளுதல் கடினமாகும். 1930ஆம் ஆண்டிலே சுந்தரமேத்திரியாரால் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தாற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் இருபாய்மரக் கப்பல் இதற்குச் சான்றாகும். ஏறத்தாழ 89 அடி நீளமும் 19 அடி அகலமும் கொண்டிருந்த அக்கப்பலை, சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் முப்பதுகளின் பிற்பகுதியில் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாகச் செலுத்தி, அத்திலாந்திக்கைக் கடந்து, பேர்மியூடாவினூடாக 1938 ஓகஸ்ட் மாதத்தில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தனர்.

இச்செய்தி பெருமைக்குரியதாகப் பலராலும் எடுத்துரைக்கப்படுவது. வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டியது வேறொன்றாகும். அன்னபூரணி கட்டப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1920இல், இங்கிலாந்தின் பேக்கன்கெட் நகரிலுள்ள கமெல் லெயாட் கப்பற்றளத்திலே தறையாணி இன்றி முற்றிலும் உருக்கியொட்டப்பட்ட 'புல்லகார்' என்னும் கடலோடுங் கப்பல் கட்டப்பட்டுவிட்டது. உலகம் தறையாணியிலிருந்து மின்வில்லுக்கு மாறிக்கொண்டிருந்த வேளையிலும் வல்வெட்டித்துறையின் மரக்கலம் விற்பனைக்கும் நெடும் பயணத்துக்கும் உரியதாகவே இருந்தது. எனவே புதிய தொழில்நுட்பம் தோன்றியமை மாத்திரம் அத்தொழிலின் வீழ்ச்சிக்குப் போதிய காரணமாகாது.

கடல் மூடப்பட்டமை

வீழ்ச்சிக்குரிய காரணங்கள் மூவகையின. முதலாவது, குடியேற்றவாத அரசின் முதலீட்டுப் போக்கு. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் முற்றுப்பெற்ற தென்மேற்கு அலைதாங்கியினாற் கொழும்பு பெருந்துறைமுகமாயிற்று. 1906இல் அங்கே உலர்துறையும் திறக்கப்பட்டது. 1854இல் தோன்றிய வோக்கர் நிறுவனம் போன்றவை இயந்திரத் திருத்த வேலையில் அங்கே நிலைகொண்டன. குடாநாட்டுக்கோ 1905இல் முற்றுப்பெற்ற வடபகுதிப் புகையிரதப் பாதை கிடைத்தது. அப்பாதை சரக்கைத் தெற்கு நோக்கி ஈர்த்தது; கடல்வழியை வலுப்படுத்தவில்லை.

இரண்டாவது, கடல் எல்லையாக மாறியமை. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இரங்கூன் அரிசி வணிகம் தடைப்பட்டது. சுதந்திரத்தின்பின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும், 1953ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும், இந்தியக் கரையின் அத்தகைய விதிகளும் பாக்கு நீரிணையின் இருகரை வாழ்வைப் பிரித்தன. தண்டயல் தன் பாட்டன் சென்ற வழியே சென்றான். சட்டம் அவனுக்கு வேறு பெயர் சூட்டிற்று. வணிகம் குன்றவே புதுக்கலம் கட்டுவோர் அருகினர். புதுக்கலம் இல்லாத கரையிற் கலப்பற்றுக்காரருக்கும் வேலை இல்லாதொழிந்தது.

மூன்றாவது காரணம் நம் சமூகத்தின் உள்ளேயே இருந்தது. ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்தவர் மலாயாவுக்குச் சென்றபோது பெரும்பாலும் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவுமே சென்றனர். அன்னபூரணி குளொஸ்ரரை அடைந்த அதே 1938ஆம் ஆண்டிலே சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்திற் பெரும் உலர்துறை ஒன்று திறக்கப்பட்டது. நம்மவர் விரும்பி நாடியது அதன் கொட்டிலையன்று, கந்தோரையே. கைவினை சாதிக்குரியதாகவும் எழுதுகோல் மதிப்புக்குரியதாகவும் கருதப்பட்ட சமூகத்தில், ஓடாவியின் அறிவையும் கொல்லரின் அறிவையும் புதிய பொறியியற் கல்வியோடு இணைக்க எவரும் முற்படவில்லை. அடுத்த படிக்கு ஏறவேண்டியவர்களுக்கு ஏணி வைக்கப்படவில்லை எனலாம்.

உருக்கியொட்டுநரின் தொழில்

இனி, அந்த அடுத்த படி யாதென நோக்குவோம். உருக்கியொட்டல் கப்பல் கட்டுவதற்காக மட்டும் பிறந்ததன்று; அதன் வளர்ச்சியிற் கப்பல் பழுதுபார்ப்புக்குப் பெரும் பங்குண்டு. சுவீடன் நாட்டுப் பொறியியலாளரான ஒஸ்கார் கெல்பேக், நீராவிக் கப்பல்களின் கொதிகலங்களில் ஒழுகும் தறையாணிகளைச் செப்பனிடும் வழி தேடியே மேற்பூச்சுடைய மின்வாய்க் குச்சியை உருவாக்கினார். 1904இல் அதற்கென ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். 1917இல் ஐக்கிய அமெரிக்கா போரிற் புகுந்தபோது அதன் துறைகளிற் கிடந்த ஜேர்மன் கப்பல்களின் இயந்திரங்களை அவற்றின் மாலுமிகளே உடைத்திருந்தனர். திருத்தவே முடியாதெனக் கருதப்பட்ட அவ்வியந்திரங்கள் மின்வில் ஒட்டலினாற் சில மாதங்களில் இயங்கலாயின. இரண்டாம் உலகப்போரில் உருக்கியொட்டும் முறையினாற் கட்டப்பட்ட 'லிபேட்டி' வகைக் கப்பல்கள் 2,710 கடலிறக்கப்பட்டன. அம்முறையின் அபாயமும் அக்காலத்திலேயே வெளிப்பட்டது. 1943 ஜனவரி 16ஆந் திகதி 'ஸ்கெனெக்ரடி' என்னும் எண்ணெய்க் கப்பல் துறையில் அமைதியாக நின்றிருக்கையிலேயே இரண்டாகப் பிளந்தது. தறையாணிக் கப்பலில் ஒரு தகட்டின் வெடிப்பு அத்தகட்டோடு நின்றுவிடும். ஒட்டிய கப்பலோ ஒரே உடலாதலின், குளிரில் நொறுங்கும் உருக்கில் எழுந்த வெடிப்பு உடல் முழுவதும் ஓடும்.

கப்பல் பழுதுபார்ப்பில் உருக்கியொட்டுநரின் வேலை புதுக்கப்பல் கட்டுவோரின் வேலையிலும் கடினமானது. உலர்துறையிற் கலம் ஏறியதும் பாசியும் சிப்பியும் அகற்றப்பட்டுத் தகடுகளின் தடிப்பு அளக்கப்படும். குறித்த அளவுக்கு மேல் அரிக்கப்பட்ட பகுதி வாயுச்சுடரினால் வெட்டி எடுக்கப்படும். அவ்விடத்துக்குரிய புதுத்தகட்டைக் கலத்தின் வளைவுக்கேற்ப வளைத்து, ஓரங்களைச் சாய்வாகச் சீவி, இடைவெளி ஒத்திருக்கப் பொருத்துவது பொருத்துநரின் வேலை. பின்னர் ஒட்டுநர் முதலில் அடித்தையலை இட்டு, கசடு நீக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தையல்களை நிரப்புவார். வெப்பத்தினால் தகடு கோணிவிடாதிருக்க எப்பகுதியை முன்னும் எப்பகுதியைப் பின்னும் ஒட்டவேண்டுமென்ற ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் அவர் நேரே நின்று வேலை செய்வதில்லை. தலைக்கு மேலுள்ள தகட்டையும், ஆள் நுழைய அரிதான இரட்டை அடித்தளத்தின் அறைகளையும் படுத்தும் முடங்கியும் ஒட்டவேண்டும். தீப்பற்றும் வாயு அங்கே இல்லையெனச் சோதித்துச் சான்றளித்த பின்னரே சுடர் ஏற்றப்படல் வேண்டும். வெளியே ஒருவர் காவல் நிற்றல் வேண்டும். இவ்விதிகள் மீறப்பட்ட இடங்களில் உயிர்கள் பறிபோயுள்ளன. ஒட்டும்போது எழும் புகை மனிதரிற் புற்றுநோயை விளைப்பதென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் வகைப்படுத்தியுள்ளது.

கலப்பற்றோடு இத்தொழிலுக்குள்ள உறவு ஆராயத்தக்கது. இரண்டினதும் நோக்கம் பொருத்தை அடைத்து நீரை வெளியே நிறுத்துவதே. ஒட்டிய தையலின் ஒருபுறம் சுண்ணத்தைப் பூசி, மறுபுறம் மண்ணெண்ணெயைத் தடவி, கறை ஊறுகின்றதா எனப் பார்க்கும் எளிய சோதனையைக் கலப்பற்றுக்காரர் எவரும் உடனே விளங்கிக்கொள்வர். ஓசையைக் கேட்டே தொழிலின் நேர்மையை அறிவதும் இருவர்க்கும் பொது. நல்ல ஒட்டுநர் மின்வில்லின் சீரான பொரியல் ஓசையால் அதன் நீளத்தை அறிவார்.

வேறுபாடும் உண்டு, அதுவே நம் வினாவுக்கு விடையாகின்றது. கலப்பற்றுக்காரரின் தகுதிக்குச் சான்று மேத்திரியாரின் சொல். அச்சொல் செல்லுபடியாகும் எல்லை அவ்வூரும் அவ்வூர்க் கப்பலோடிய துறைகளுமே. ஒட்டுநரின் தகுதிக்குச் சான்று, கப்பல்களைத் தரப்படுத்தும் சங்கங்கள் ஏற்கும் ஒரு பரீட்சைப் பத்திரம். அது எந்நாட்டிலும் செல்லும். கலப்பற்றுக்காரர் கரையோடு பிணைக்கப்பட்டிருந்தார். ஒட்டுநரோ உலர்துறையும் மின்வலுவும் மூலதனமும் உள்ள இடத்துக்குத் தம் கைத்திறனைச் சுமந்து செல்பவர். உலர்துறை இல்லாத கரையில் அவர் தங்குவதற்கு யாதொரு காரணமுமில்லை.

இரும்பைத் தாண்டிய கரை

1974ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பெற்றது. கொழும்புக் கப்பற்றளம் ஒரு நிறுவனமாக அமைக்கப்பெற்றதும் அதே ஆண்டிலாகும். நூலறிவு வடக்குக்கும் உலர்துறை மேற்குக்கும் என அவ்வாண்டு பங்கிட்டதுபோலத் தோன்றுகின்றது. குடாநாட்டில் இரும்புவேலை இல்லாமற் போகவில்லை. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்படும்வரை பொருத்துநருக்கும் ஒட்டுநருக்கும் களமாயிருந்தது. ஆயின் அவர்களது கை சூளையையும் குழாயையும் தொட்டது. கப்பலின் உடலைத் தொடவில்லை.

மீன்பிடித் துறையோ வேறுவழிச் சென்றது. 1967இல் நோர்வே நாட்டவரான ஆர்ன பியோர்தொவ்ற் முன்னின்று தொடங்கிய சீநோர் திட்டத்தின்கீழ்க் காரைநகரிற் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. குருநகரில் வலைத் தொழிற்சாலை அமைந்தது. இது பெருநன்மை பயத்த முயற்சி என்பதில் ஐயமில்லை. கண்ணாடியிழைப் படகின் வெடிப்பைப் பிசினும் இழைப்பாயும் கொண்டு படகுடையவரே அடைத்துக்கொள்ளலாம். அங்கே கலப்பற்றுக்காரருக்கும் இடமில்லை, ஒட்டுநருக்கும் இடமில்லை. இவ்வாறு குடாநாட்டுக் கரை மரத்திலிருந்து நேரே கண்ணாடியிழைக்குத் தாவிற்று. இரும்பென்னும் படி இடையில் விடுபட்டது. சுக்கான், இயந்திரத் தண்டு முதலியவற்றின் திருத்தமே ஒட்டுநருக்கு எஞ்சியது. நகரத்துப் பட்டறைகளில் அவர் செய்தவை பெரும்பாலும் இரும்புப் படலையும் யன்னற் கம்பியும் உழவு இயந்திரப் பெட்டியுமேயாம்.

1973இன் எண்ணெய் விலையேற்றத்தின்பின் வளைகுடா நாடுகள் தொழிலாளரை அழைத்தன. பஹ்ரெய்னில் 1977இலும் துபாயில் 1983இலும் பெரும் உலர்துறைகள் இயங்கத் தொடங்கின. இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்ற ஒட்டுநரும் பொருத்துநரும் அத்தகைய தளங்களிற் பிறநாட்டுக் கப்பல்களைச் செப்பனிட்டனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் இங்கு வீடுகள் எழுந்தன, துறைகள் எழவில்லை. பின்வந்த போர் எஞ்சியதையும் மூடிற்று. காங்கேசன்துறையும் மயிலிட்டியும் 1990இல் மக்களுக்கு அடைபட்டன. மயிலிட்டித் துறை 2017 ஜூலையிலேயே மீளக் கையளிக்கப்பட்டது. காங்கேசன்துறையில் மூழ்கிக் கிடந்த ஆறு கப்பற் சிதைவுகள் இந்திய உதவியுடன் அகற்றப்பட்டு அப்பணி 2012 அளவில் நிறைவெய்தியது. பராக்கிரமபாகுவின் கல்வெட்டு உடைந்த கலத்தைப் பங்கிட விதி கூறிற்று. நம் காலத்தில் உடைந்த கலத்தை அகற்றவும் அயல்நாட்டின் கை வேண்டியதாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குடாநாட்டின் கப்பற்றொழில் திறனின்மையால் வீழ்ந்ததன்று என்பதும், திறன் அடுத்த பொருளுக்கு மாறுதற்குரிய களம் இங்கே அமைக்கப்படாமையே அதன் குறை என்பதும் பெறப்படும். 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற்சேவை தொடங்கியது. இடைநின்று 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கடல் சிறிதளவு திறந்துள்ளது. கலம் வந்து செல்லும் துறையாக மாத்திரம் காங்கேசன்துறை அமையுமா, கலத்தைக் கரையேற்றிச் செப்பனிடும் துறையாகவும் அமையுமா என்பதே இனியுள்ள வினா. சிறு கலங்களைக் கரையேற்றும் ஓர் இழுமேடையும், அதனைச் சார்ந்த பயிற்சிக் கூடமும் மிகப் பெரிய கனவுகள் அல்ல.

பல்கலைக்கழக மாணவராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. ஏரா, வங்கு, கலப்பற்று என்னும் சொற்களைத் தொழிலிற் பயன்படுத்திய தலைமுறை மறைந்துகொண்டிருக்கின்றது. வளைகுடாத் துறைகளில் உழைத்து மீண்ட ஒட்டுநரின் அனுபவங்களும் எங்கணும் பதியப்படவில்லை. கப்பலுடையோரின் பெயர்கள் கோயிற் கல்லிலும் உறுதிகளிலும் நிலைத்துள்ளன. கப்பலின் பொருத்தை அடைத்தோரின் பெயர்கள் அடைத்த பொருத்துக்களோடே கடலிற் போயின. அவர்களுட் சிலரேனும் இன்னும் நம்மிடையே உளர். அவர்களை அணுகி, கேட்டு, எழுதிவைத்தல் இத்தலைமுறையினர் காலந்தாழ்த்தாது செய்யவேண்டிய பணியாகும்.